போணி ஆகாத காலை

நெடும்பாறையில் பொழுது எப்போது விடிகிறது என்று சூரியனைக் கேட்டுப் பிரயோசனமில்லை, செல்லக்கிளியைத்தான் கேட்க வேண்டும். ஆவுடையப்பனின் கல்குவாரிக்குப் போகும் பாதையில் லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடுகிற இரும்பு மேடை ஒன்று இருந்தது. மேடையை ஒட்டி ஒரு தகர அறை, அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு முன்னால் செல்லக்கிளி. தினமும் காலையில் அவள் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை அரிவாளால் இரண்டாக நறுக்கி இருபுறமும் வைத்து, பட்டனைத் தட்டி, திரை திறந்தால்தான் ஊருக்குப் போணி, அதன் பிறகுதான் முதல் லாரிக்கு எடைச்சீட்டு. போணி ஆகும்வரை குவாரியில் சுத்தியல் விழாது, டீக்கடையில் காசு வாங்க மாட்டார்கள், காலண்டரில் தாள் கிழிக்க மாட்டார்கள். போணிக்கு முன்னால் கொடுத்ததும் வாங்கியதும் சொன்னதும் வைததும் கணக்கில் சேராது. இந்தச் சட்டத்தை யார் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் அதை யாரும் மீறியதில்லை.

பழைய ஓ.எஸ். காலாவதியாகிவிட்டது, எடை போடுகிற சாஃப்ட்வேர் இனி அதில் ஓடாது என்று சொல்லி, டவுனிலிருந்து ஜெபஸ்டின் என்கிற மெக்கானிக் பைக்கில் வந்து புது ஓ.எஸ். ஏற்றிவிட்டுப் போனான். கம்ப்யூட்டரோ ஆவுடையப்பனின் அப்பா காலத்துச் சாமான். கிழட்டு மாட்டின் மேல் புது மூட்டையை ஏற்றினால் மாடு என்ன செய்யுமோ அதைத்தான் அதுவும் செய்தது. முன்பெல்லாம் பட்டனைத் தட்டிவிட்டு டீயை ஆற்றுவதற்குள் திரை திறந்து நீல ஏரிப் படம் வந்துவிடும். இப்போது கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வட்டமாகச் சுற்றின, சுற்றின, டீ ஆறி ஆடை கட்டியும் சுற்றின.

அப்படிப் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், வரிசையில் யார் லாரி முன்னால் நிற்பது என்று இரண்டு டிரைவர்களுக்குள் தகராறு வந்து, ஒருவன் ஜாக்கிக் கம்பியால் இன்னொருவன் மண்டையில் ஓங்கிப் போட்டான். வாங்கியவன் விழவில்லை. தலையைச் சொறிந்துகொண்டான், பதிலுக்கு நாலு கெட்ட வார்த்தை சொன்னான், போய் டீ குடித்தான், பேப்பர் படித்தான். தகர அறைக்குள் நீல ஏரி வந்ததோ இல்லையோ, அவன் மண்டை பிளந்து பெஞ்சிலிருந்து சரிந்தான். கூட நின்றவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. போணிக்கு முன்னால் பட்ட அடி போணிக்குப் பிறகுதானே கணக்கில் வரும், இது இத்தனை நாள் நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கொஞ்சம் வெட்கப்பட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. சண்டைகளை எல்லாம் காலைக்கென்று ஒத்தி வைத்தார்கள். அடி வாங்கியவன் அவசரமில்லாமல் குளித்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து போய், இங்கேதான் கிழியும் என்று தொட்டுக் காட்ட, கம்பவுண்டர் அந்த இடத்தில் முன்கூட்டியே பஞ்சும் கட்டும் போட்டு வைத்தார். வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றபடி நியாயம் பேசினார்கள். புருஷன் கையால் காலையில் அடி வாங்குகிற பெண்களுக்குத் திருப்பி அடிக்க வேண்டிய அவகாசம் கிடைத்தது. பலர் அதை வீணாக்கவில்லை. பல்வலிக்காரர்களும் மூட்டுவலிக்காரர்களும் அந்த நேரத்தில் ஓடியாடி வேலை செய்தார்கள், ஏனென்றால் வலி என்று பெயர் உள்ளது எதுவாக இருந்தாலும் அந்தப் புள்ளிகள் நிற்கும்வரை வாசலில் காத்து நின்றது. ஊர்க்காரன் டவுனுக்குப் போனாலும் அவன் வலி அங்கேயும் காத்து நின்றது. ஒருநாள் நடுவில் கரண்ட் போய், கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து சுற்றத் தொடங்கியபோது, வாங்கின அடியோடு அத்தனை பேரும் பழையபடி நின்றார்கள். ஒரு அடியும் குறையவில்லை, தீரவில்லை. வலிக்காத அடி என்றதும் கைகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. தெருவில் ரத்தம் காய்வதற்குள் அடுத்த காலை வந்தது.

அடி கூடக் கூட கம்ப்யூட்டர் இன்னும் மெதுவானது. ஜெபஸ்டினை மறுபடி கூப்பிட்டார்கள். அவன் கம்ப்யூட்டரோடு சேர்ந்து எழும்புகிற வேண்டாத புரோகிராம்களை எல்லாம் நிறுத்திப் பார்த்தான், வைரஸ் தேடினான், பெட்டியைத் திறந்து குவாரித் தூசியை ஊதிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ ஏறிக்கொண்டே போகிறது, என்ன என்று காட்ட மாட்டேன் என்கிறது, பழைய டிஸ்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது எஸ்.எஸ்.டி. போட்டால் ஏறினதை எல்லாம் ஒரே இழுப்பில் இழுத்துவிடும் என்றான். ஆவுடையப்பன் செலவு என்ற சொல்லைக் கேட்டால் கையை ஓங்குகிற மனிதர். ஜெபஸ்டினுக்கு ஓர் அறை விழுந்தது. அது கணக்கில் வந்தபோது அவன் டவுனுக்குப் பாதி வழியில் இருந்தான். பைக்கை ஓரம் கட்டிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

செல்லக்கிளிக்கு ஒரே தம்பி, வண்டிமலை. ஆவுடையப்பனிடம்தான் லாரி ஓட்டினான். அம்மா போனபோது அவனுக்குப் பல்கூட முளைத்திருக்கவில்லை. இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவள் அக்காதான், அவனுக்காகவே கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டு, பிறகு அதை மறந்தே போனவள். அவன் பெண்டாட்டி பூரணம் நிறைமாதமாக இருந்தாள்.

புள்ளிகள் காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாளில், ஆவுடையப்பனுக்குப் பொறுமை போயிற்று. டவுனில் கல்லுக்காகக் காத்திருக்கிறார்கள், சீட்டும் வேண்டாம் கீட்டும் வேண்டாம், வண்டியை எடு என்று வண்டிமலையிடம் சொன்னார். வண்டிமலை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

"போணி ஆகாம சக்கரம் உருளாது மொதலாளி. நீங்க சொன்னாலும் சரி, ஒங்க அப்பா எந்திரிச்சு வந்து சொன்னாலும் சரி."

ஆவுடையப்பன் தகர அறைக்குள் கையை விட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கிய அரிவாளை எடுத்து, வண்டிமலையின் கழுத்தில் இடது பக்கமிருந்து வலது பக்கம்வரை ஒரே இழுப்பாக இழுத்தார். அரிவாள் போன வழி எல்லோருக்கும் தெரிந்தது. கழுத்து மட்டும் மூடியே இருந்தது. வண்டிமலை கழுத்தைத் தடவிப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், அவன் முகம் சின்னப் பையனின் முகமாகிவிட்டது.

செல்லக்கிளிக்கு அந்த நேரத்தில் யோசனை என்று ஒன்றும் இருக்கவில்லை. ஆவுடையப்பன் கீழே வைத்த அதே அரிவாளை எடுத்து, அதே பக்கமிருந்து அதே பக்கத்துக்கு, பூசணிக்காயைப் போடுகிற வேகத்தில் அவர் கழுத்தில் போட்டாள். அரிவாள் எலும்பில் தட்டியது அவள் மணிக்கட்டு வரை வந்தது. பிறகு அறைக்குள் ஓடிப்போய், சுற்றிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகினாள். புள்ளிகள் முதலிலிருந்து சுற்றத் தொடங்கின.

ஆவுடையப்பன் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து, நெடுநேரம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"உன் தம்பி நிக்குத வரைக்கும் நானும் நிப்பேன் கிளி. நீ சுவிட்சைப் பாத்துக்கோ."

அதோடு நெடும்பாறையில் போணி நின்றுபோனது. புள்ளிகள் களைத்து நிற்கப் போகிற நேரம் செல்லக்கிளிக்கு மட்டும்தான் தெரியும். அதற்குச் சற்று முன்னால் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுவாள். சூரியன் வந்தது, போனது, நிலா வந்தது, தேய்ந்தது, ஊரில் மட்டும் அதே காலை. காலண்டரில் அதே தாள் மஞ்சளாகிச் சுருண்டது. குவாரியில் தண்ணீர் ஊறித் தவளை கத்தியது. லாரிகளின் டயர்கள் மண்ணில் இறங்கின.

இதுவரை கம்ப்யூட்டரை வேகமாக்கச் சொன்ன ஆவுடையப்பனுக்கு இப்போது அது திறக்கவே கூடாது. தகர அறைக்கு இரண்டு தடியர்களைக் காவல் போட்டார். அது போதாது என்று தோன்றியது. ஊரில் ஒருவனுக்காவது அது திறந்தால் நல்லது என்ற ஆசை வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கு ஒரு வெட்டு. வீடு வீடாக ஆட்களை அனுப்பி, வரிசையில் நிற்க வைத்து, தொடையில் ஒன்று, தோளில் ஒன்று, சம்மட்டியால் முழங்காலில் ஒன்று என்று போட வைத்தார். உயிர்நிலையில் வேண்டாம், பின்னால் வேலைக்கு ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார். காவல் நின்ற தடியர்களை ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளச் சொன்னார். செல்லக்கிளியின் இடது உள்ளங்கையில் அரிவாளைப் பாய்ச்சினார்கள். இதற்குக் காப்பு என்று பெயர் வைத்தார் ஆவுடையப்பன். ஊர்க்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு வரிசையில் இடம் பிடித்தார்கள், அதன் பிறகு காப்பு போடாதவன் வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று பேச்சு வந்தது. கையில் அடங்காத கோபம் உள்ளவர்கள் காப்பின் மேல் காப்பாகப் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் காலில் வெட்டியவன் சாயங்காலம் அவனோடேயே சீட்டு விளையாடினான். அத்தனை முறிவும் அத்தனை பிளவும் உடம்புகளுக்குள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க, ஊர் மேலே மினுமினுவென்று ஒரு கீறல்கூட இல்லாமல் நடமாடியது.

பூரணத்துக்கு மட்டும்தான் காப்பு போடவில்லை. அவளுக்கு நாள் தாண்டியிருந்தது. பிரசவ வலி வந்தால்தானே பிள்ளை வரும். வலிதான் வாசலில் நின்றுகொண்டிருந்ததே. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா வயிற்றில் கத்தியை வைத்து இழுத்தார். கத்தி போனது, வயிறு திறக்கவில்லை, தண்ணீரில் கோடு போட்டதுபோல் மூடிக்கொண்டது. இரண்டாவது முறை இழுக்க அந்த அம்மாவுக்குக் கை வரவில்லை. உள்ளே பிள்ளையின் துடிப்பு இறங்கிக்கொண்டே வருகிறது, உங்கள் ஊர் விவகாரத்தை நீங்கள்தான் முடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இந்தச் செய்தி வந்தபோது வண்டிமலை எடைமேடையில் நின்ற லாரிக்கு அடியில் நிழலுக்குப் படுத்திருந்தான். கொஞ்ச நாளாக அவனுக்குப் பசியில்லை, சோறு வாயில் சாக்குத் துணியைப்போல் இருந்தது. எழுந்து வந்து தகர அறையின் ஜன்னலில் முகத்தை வைத்தான். காவலர்கள் வெயிலுக்கு ஒதுங்கிப் புளியமரத்தடியில் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, தொறந்துவிடு."

செல்லக்கிளி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் செத்து எத்தனையோ நாளாச்சு. ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ என்னைய நிறுத்தி வச்சிருக்க, அவ்வளவுதான். என்னைய நிறுத்துனதுல பிள்ளையும் உள்ள நிக்கி."

"இடுப்புல தூக்கி வளத்தவ நான்" என்றாள் அவள். "என் கையால எப்படிலே?"

"ஒன் கையாலன்னாத்தான்க்கா எனக்குப் பயமில்ல."

அவள் பிளக்கைப் பிடுங்க வேண்டிய நேரம் வந்திருந்தது. பிடுங்கினாள், மறுபடி செருகினாள். அழுதாள். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையைக் கொல்லச் சொல்கிற இந்த மிஷினை உடைத்துப் போடலாம் என்று தோன்றியது. உடைத்தால் இந்தக் காலை என்றைக்கும் முடியாது என்றும் தோன்றியது. அழுது முடித்ததும் அவள் ஒரு விஷயத்தை நிதானமாக யோசித்தாள். புள்ளிகள் இந்த வேகத்தில் ஓடி நிற்பதென்றால் பல நாள் ஆகும், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அத்தனை நாள் இல்லை. இடையில் காவலர்களுக்குச் சந்தேகம் வந்தால் அவர்களே பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். மெதுவாகத் திறக்கிற கதவை யாரும் மூடிவிடலாம்.

அவள் ஆவுடையப்பனிடம் போய், மிஷின் வேகம் பிடிப்பதுபோல் தெரிகிறது, தன்னால் சமாளிக்க முடியவில்லை, அந்த டவுன் பையனை வரவழைத்து இன்னும் மெதுவாக்கச் சொல்லுங்கள் என்றாள். ஆவுடையப்பனின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. உடனே ஆள் அனுப்பினார். ஜெபஸ்டின் வந்து இறங்கியதும், வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், அவன் வலது கையைக் கல்லின் மேல் வைக்கச் சொல்லி இரண்டு விரல்களில் சம்மட்டியைப் போட்டார்கள். இனி அது திறந்தால் உன் பிழைப்பு போய்விடும் தம்பி, பார்த்துச் செய் என்று ஆவுடையப்பன் அன்பாகச் சொன்னார்.

தகர அறைக்குள் ஜெபஸ்டின் பெட்டியின் மூடியைக் கழற்றினான். செல்லக்கிளி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: பூரணத்தை, டாக்டரம்மா கத்தியை, தம்பி கேட்டதை. அவன் கேட்டுக்கொண்டே விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா எஸ்.எஸ்.டி. போடுங்கன்னு. பையிலதான் இருக்கு."

அவள் அவன் விரல்களைப் பார்த்தாள்.

"இப்ப நல்லாத்தான இருக்கு" என்றான் அவன். "நல்லா இருக்கும்போதே மாட்டிருவோம்."

பழைய டிஸ்கில் இருந்த அத்தனையையும் புதியதற்கு மாற்றினான். வேலை நடக்கும்போது மிஷின் சூடேறி, தகர அறை முழுக்கக் கசாப்புக் கடை வாசனை அடித்தது. காவலன் ஒருவன் எட்டிப் பார்த்து என்ன நாற்றம் என்று கேட்டான். வேகத்தைக் கழற்றுகிறோம், நாறத்தான் செய்யும் என்றான் ஜெபஸ்டின். காவலன் திருப்தியாகத் தாயத்துக்குத் திரும்பினான்.

செல்லக்கிளி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பூரணத்தை மேசையில் படுக்க வைக்கச் சொன்னாள். வெளியே வந்து ஊரைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள ஆசைதான், அதற்கு வழியில்லை. யார் யாருக்கு எங்கெங்கே கிழியும் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொன்னாள். வண்டிமலை லாரியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான், முதல் சீட்டுக்குக் காத்திருக்கிற டிரைவர் எப்படி உட்காருவானோ அப்படி. ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்து ஹாரனை ஒருமுறை அடித்தான். அவள் சூடம் காட்டினாள். எலுமிச்சம்பழத்தை நறுக்கினாள். ஆவுடையப்பன் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவள் பட்டனைத் தட்டினாள். புள்ளிகள் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. நீல ஏரி வந்து நின்றது.

முதலில் சத்தம் வந்தது, பச்சை விறகுக் கட்டை முறிக்கிற சத்தம், ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. முழங்கால்களும் தோள்களும் விலாக்களும் அவரவர் வாங்கிய வரிசையில் உடைந்தன, தொடைகள் பிளந்தன, தாயம் ஆடிய இரண்டு தடியர்களும் ஆட்டத்தின் மேலேயே கவிழ்ந்தார்கள், எத்தனையோ காலைகளாகக் காத்திருந்த அத்தனை வலியும் ஒரே வாயாக அலறியது. ஜெபஸ்டின் வலது கையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சுருண்டான். ஆவுடையப்பன் குடித்த டீ கழுத்து வழியாக ரத்தத்தோடு வெளியே வந்தது. அவர் செல்லக்கிளியைப் பார்த்தார், அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது, ஒரு அக்கா இதைச் செய்வாள் என்று அவர் கணக்குப் போட்டிருக்கவில்லை. லாரியின் கதவிடுக்கிலிருந்து ரத்தம் படியில் இறங்கி, மேடையின் இரும்பில் பரவியது.

செல்லக்கிளியின் உள்ளங்கை பிளந்திருந்தது. அவள் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு வலது கையால் லாரி நம்பரை அடித்தாள். திரையில் எடை வந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்பியின் உடம்பைவிட்டு வெளியேறிய ரத்தம் மேடையைவிட்டு வெளியேறாததால், எண் அசையாமல் நின்றது. அது மேடையின் விளிம்பைத் தொடுவதற்கு முன்னால் பிரிண்ட் கொடுத்தாள். சீட்டு வெளியே வந்தது. அதே நேரத்தில் போன் அடித்தது; எடுத்தபோது ஒரு பிள்ளையின் வீறிடல் கேட்டது.

போலீஸ் ஜீப் வருவதற்குள், கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் நொண்டி நொண்டி வந்து அறையைச் சுற்றிக் கூடினார்கள். அவளைத் திட்டியவர்கள் உண்டு. திட்டாதவர்கள் மெல்லச் சொன்னார்கள், அரிவாளைப் போட்டது போணிக்கு முன்னால்தானே கிளி, கணக்கில் வராது என்று சொல்லிவிடு, நாங்கள் எல்லோரும் சாட்சி.

"வந்துட்டுல்லா" என்றாள் செல்லக்கிளி. "எல்லாம் கணக்குல வந்துட்டு. அவரு கழுத்தும் நான்தான், என் தம்பி கழுத்தும் நான்தான்."

ஜீப்பை டவுன் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். நிறுத்தினார்கள். வயிற்றில் தையலோடு படுத்திருந்த பூரணம் பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். பெண் பிள்ளை. செல்லக்கிளி முந்தானையில் முடிந்து வைத்திருந்த முதல் சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அதில் வண்டிமலை ஒரு கிலோகூடக் குறையாமல் இருந்தான்.